புதுப் பம்பும் தாய்மாமன் மடியும்

அமிர்தம் வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தியபடி என் வீட்டுக்காரரின் இரண்டு பாதங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மற்ற ஆள் முழுவதும் பிக்கப் வண்டிக்கு அடியில் இருந்தார். தங்கை தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே சாக்கை விரித்து, வண்டிக்கடியில் புகுந்துகொண்டுவிட்டார். பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக் கபூர் பாய்க்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"அண்ணா, நான் வந்திருக்கேன்."

பாதங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

"உன் மருமவ செல்விக்குக் காது குத்தப் போறோம். உன்ன அழைக்கத்தான் வந்தேன்."

"பாய், அந்த அரையிஞ்சி ஸ்பேனர எடுங்க" என்றது வண்டியின் அடிப்பக்கம்.

பாய் எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் அந்த ஸ்பேனருக்கு ஒரு வேலையும் கிடையாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அமிர்தம் விடுகிற பெண் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோ பாருண்ணா. அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. எனக்குப் பொறந்த வூடுன்னா அது நீதான். நீ வரலன்னா எங்க மாமியாரு, அவங்க தம்பி மவன உக்கார வெச்சி அவன் மடியில குத்திடறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சாவணுமாம். அப்டி வேற மடியில குத்திட்டா, எனக்குப் பொறந்த வூடே இல்லன்னு ஊரே முடிவு கட்டிடும். அதுக்கு மேல உன் இஷ்டம்."

இடது கால் கட்டைவிரல் மட்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அவ்வளவுதான் பதில்.

தட்டைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்தாள். என்னிடம் வந்து, "அண்ணி, நீங்கதான் சொல்லணும்" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாதங்களுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"பூட்டாளா?"

"பூட்டா."

"அழுதாளா?"

"உங்க காலத்தான் கேக்கணும். அதுகிட்டதான பேசிக்கினு இருந்தா" என்றேன். மனுஷர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் துண்டுக்குள் வெகுநேரம் ஒளிந்திருந்தார்.

என் சக்களத்தி

அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. இப்போது சொல்கிறேன், நடேசன். இந்தத் தொடரில் தன் பெயர் வருகிற வாரமெல்லாம் பத்திரிகையை இரண்டு பிரதி வாங்குகிறார் என்பதால், தைரியமாகவே சொல்லலாம்.

விழுப்புரத்தில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், சாம்பார் வாளி, ஜல்லிக்கரண்டி என்று ஒரு ஊருக்கே சமைத்துப் போடத் தேவையானது எல்லாம் இருக்கும். கல்யாணம் எந்தக் கிராமத்தில் நடந்தாலும் பாத்திரம் எங்களிடமிருந்து போகும். அதை ஏற்றிப் போகத்தான் அந்தப் பிக்கப்.

யுத்தத்துக்கு வந்த வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. அவன் மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போனான் என்பது என் கட்சி. மூக்கு நீண்டு, மட்கார்டு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, பானெட்டை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தூக்குகிற பழைய ரகம்.

நான் கல்யாணமாகி வந்தபோதே அது அந்த வீட்டில் இருந்தது. எனக்கு மூத்தவள். அதனால் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன். வெயில் நாளில் அவளுக்கு உடம்பு சூடேறிப் பெட்ரோல் ஏறாது. உடனே இவர் ஓடிப்போய்ப் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவார். துணி காய்ந்தால் மறுபடி நனைத்துப் போடுவார். எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டது எதிர்வீட்டு அம்மாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாத்திரக் கடைக்காரன் எல்லாக் கல்யாணத்துக்கும் போவான், ஆனால் பின்வாசல் வழியாகத்தான் போவான். அண்டாவை இறக்கி வைப்பான், எண்ணிக் கொடுப்பான், பந்தி முடிந்ததும் கரிபிடித்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவான். பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டி "வாங்க, வாங்க" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்படியே வாழ்ந்த மனிதருக்கு வாழ்க்கையில் முன்வாசல் வழியாக நுழைய உரிமையுள்ள ஒரே இடம் தங்கை வீடு. அங்கேதான் வினை வந்தது.

சிரித்தாள் என்று ஒரு கோபம்

அமிர்தத்தைக் கொடுத்தது திண்டிவனத்தில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையில் காசு, வாயில் கேலி, இரண்டுக்கும் குறைவில்லை.

செல்வியைப் பிரசவிக்க எங்களிடம்தான் வந்தாள். பிள்ளையும் தாயுமாகத் திரும்ப அழைத்துப் போய் விட வேண்டும். பஸ் வேண்டாம், என் வண்டியிலேயே ராஜாத்தி மாதிரி கொண்டுபோய் இறக்குவேன் என்றார். இறக்கவும் செய்தார். ஆனால் திண்டிவனம் எல்லையில் பம்ப் படுத்துவிட்டது. சம்பந்தி வீட்டு மண்டியிலிருந்து இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து பூட்டி, பிக்கப்பை இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் விட்டார்கள்.

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "மாப்ள வூட்டுக்குப் புது மாட்டு வண்டி வருதுடோய்!" என்று ஒருவர் கத்தினார். சம்பந்தியம்மாள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார். மாடு ஓட்டினவன் சிரித்தான். முன்சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அமிர்தத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வந்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அவளுக்குக் கையில் பிள்ளை இருந்ததால் அடைத்துக்கொள்ள முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"அவங்க சிரிக்கலாம். நீ சிரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, வாசற்படி ஏறாமலே திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. வருஷா வருஷம் பொங்கல் சீர் மட்டும் தவறாது. கரும்பும் மஞ்சளும் புதுச்சேலையும் கடை ஆள் தலையில் ஏறித் திண்டிவனம் பஸ்ஸில் போகும். சேலையை இவரேதான் தேர்ந்தெடுப்பார். கடைக்காரன் அலுத்துப் போகிறவரை பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். ஆனால் போக மாட்டார். ரோஷம்.

குழந்தை நடந்து, ஓடி, பேச ஆரம்பித்து, காதும் குத்தப்போகும் வயதுக்கு வந்துவிட்டது. மாமன் முகம் அதற்குத் தெரியாது.

புதுப் பம்ப்

இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். பிறகு ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டே, "போலாம். ஆனா பஸ்ஸுல இல்ல. அதே வண்டியிலதான் போவணும். அதே தெருவுல, நிக்காம போயி, அந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்தணும்" என்றார்.

கபூர் பாய் வரவழைக்கப்பட்டார். கோட்டக்குப்பத்துக்காரர். ஸ்டேஷன் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். தன்னைவிட்டால் பாண்டிச்சேரிக்கு இந்தப்பக்கம் மெக்கானிக் இல்லை என்பதை அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார்.

"அண்ணாத்தே, ஆயில்ல பெட்ரோல் வாசன அடிக்குது. பம்புக்குள்ள இருக்குற சவ்வு கிழிஞ்சிடுச்சி. பெட்ரோலு கார்பரேட்டருக்குப் போவாம கீழ எஞ்சினுக்குள்ள ஒழுவுது. ஈரத்துணி போட்டா இது அடங்காது. பேஜாரு புடிச்ச பம்பு. மாத்தித்தான் ஆவணும்."

அந்த வண்டிக்குப் பம்ப் கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்று போயிருந்தது. மெட்ராஸுக்குப் போகிற லாரிக்காரர்களிடமெல்லாம் பழைய பம்பின் படத்தை இவர் அட்டையில் வரைந்து கொடுத்தார். முதலில் வந்தது தண்ணி பம்ப். அடுத்து வந்தது வேறு ஏதோ வண்டியினுடையது. காதுகுத்துக்கு முந்தைய வாரம்தான் சரியானது வந்து சேர்ந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கீழே குங்குமச் சிமிழ் மாதிரி கண்ணாடிக் கிண்ணத்தோடு பளபளவென்று இருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் வாங்கினதைப் பார்த்து, நம் கல்யாணத்தில் தாலியைக்கூட இந்த மனுஷன் இப்படி வாங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கும். உள்ளே ஒரு நாக்கு நீண்டிருக்கும். எஞ்சின் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கிற மேடு அந்த நாக்கைத் தட்டும். தட்டத் தட்டப் பம்ப் பெட்ரோலை இழுக்கும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் இலையில் அப்பளத்தையும் முருங்கைக்காயையும் வைத்து எனக்குப் பாடம் நடந்தது.

பழையதைக் கழற்றினார்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கிற அட்டை பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

"கெட்டி அட்ட ஒண்ணு வேணும் தங்கச்சி, ஜல்தி" என்றார் பாய்.

நான் சமையலறையில் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து நீட்டிவிட்டார். நல்ல கெட்டி அட்டை, மஞ்சள் தடவினது.

"இன்னாங்க இது, நல்ல காரியத்துக்கு அடிச்ச பத்திரிகைய யாராவது கத்தரிப்பாங்களா?"

"நல்ல காரியத்துக்குப் போறதுக்குத்தான கத்தரிக்கிறேன்."

கத்தரித்ததைப் பார்க்க வேண்டுமே! சம்பந்தியம்மாள் பெயர், மண்டியின் பெயர், உற்றார் உறவினர் எல்லாம் வட்டமாகவும் ஓட்டையாகவும் எஞ்சினுக்குப் போயின. அமிர்தம் பெயர் இருந்த மூலையை மட்டும் தனியாக வெட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார். நானும் பார்க்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

பாய் நாக்கை மெதுவாக உள்ளே நுழைத்து, சரியான பக்கம் உட்காரும்வரை ஆட்டி, போல்ட்டைப் போட்டு முடுக்கினார். பம்பின் பக்கத்துச் சின்னக் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் குபுகுபுவென ஏறியது. ஸ்டார்ட்டரை ஒரே மிதி மிதித்ததும் வண்டி கிளம்பியது. விக்கிரவாண்டி வரை போய்த் திரும்பினார்கள். ஈரத்துணியே இல்லை. வழியில் ஒரு இடத்திலும் இருமவில்லை.

"இனிமே இந்த வண்டி நின்னுச்சின்னா என் மீசைய எடுத்துடறேன்" என்றார் பாய். மீசை நல்ல மீசை.

பூசை

அதோடு விட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டாமல் உபயோகிப்பதில்லை. பாத்திரக் கடை ஆயிற்றே, புது அண்டாவுக்கு நாலு பக்கமும் பொட்டு வைத்து வைத்து இவர் கைக்கு அது பழக்கம். காதுகுத்தன்று விடியற்காலையில் எழுந்து வண்டியைக் கழுவினார். ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்தார். சாதாரணக் குழையல் இல்லை, கெட்டியாக, அடை தட்டுகிற பதத்தில்.

புதுப் பம்புக்கு ஒரு பொட்டு. பானெட்டுக்கு இரண்டு. ஸ்டியரிங்குக்கு, விளக்குக்கு, சக்கரத்துக்கு. மீதிச் சந்தனம் கிண்ணத்தில் நிறைய இருந்தது. வீணாக்க மனசில்லாமல் பெட்ரோல் டேங்க் மூடியின்மேல் உள்ளங்கையால் அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். பார்க்க அம்மன் நெற்றி மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

அந்த மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால், டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் இழுக்க முடியாது. அந்தத் துளையைத்தான் பக்தியோடு அடைத்திருந்தார். மறுநாள் கபூர் பாய் வந்து மூடியைத் திருகியபோதுதான் இது தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். எங்களுக்கு அன்று சொல்ல யாரும் இல்லை.

நின்று நின்று ஒரு பயணம்

நான் அரக்குப் பட்டு. அவர் சரிகை வேட்டி, புதுச் சட்டை. பின்னால் சீர்த்தட்டுகள்: செல்விக்குப் பட்டுப் பாவாடை, வாழைப்பழம், வெல்லம், பூ. தங்கக் கம்மலை மட்டும் நான் மடியில் முடிந்து வைத்திருந்தேன். விழுப்புரம் தாண்டும்வரை வண்டி பறந்தது. அவர் பாட்டுக்கூடப் பாடினார். அது என்ன பாட்டு என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம், அவருக்கே தெரியாது.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் முதல் இருமல். பிறகு நின்றேவிட்டது.

இறங்கினார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். இருந்தது. மூடியை இறுக்கி மூடினார். பம்புக்கு ஒரு ஈரத்துணி போட்டார். கிளப்பினால் உடனே கிளம்பிவிட்டது! மூடியைத் திறந்ததில் காற்று உள்ளே போனதுதான் காரணம். ஆனால் அவர் ஈரத்துணியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "புதுசுல்ல, கொஞ்சம் கூச்சப்படுது" என்றார்.

இன்னும் சில மைல் போனதும் கூச்சம் மறுபடி வந்தது. பெட்ரோல் இருப்பதுதான் தெரியுமே என்று இந்தத் தடவை மூடியைத் திறக்கவில்லை. காத்திருந்து, கெஞ்சி, கிளப்பி, நகர்ந்து, மறுபடி நின்று, ஒருவழியாகக் கூட்டேரிப்பட்டு வந்து சேர்ந்தோம். அங்கே மொத்தமாகப் படுத்துவிட்டது.

"பஸ்ஸுல போயிடலாங்க. பின்னாடி வர பஸ் ஒண்ணு இருக்கும்."

"தாய்மாமன் தட்ட தூக்கிக்கினு பஸ்ஸுல எறங்குறதா? போம்மே."

ரோட்டோரம் வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸம்மா கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கிராமத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்புகிறவர். அவர் சொன்னார், பஸ் இப்போதுதான் போனதாம். அடுத்தது உச்சிவேளைக்குத்தானாம்.

உச்சிவேளை என்றால் ராகு காலமே முடிந்துவிடும். செல்வி வேறொருவர் மடியில் உட்கார்ந்து எழுந்திருப்பாள்.

அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் எல்லாம் வடிந்துபோய், சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. பம்பின் கைப்பிடியைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தில் ஒரு சொட்டு ஏறவில்லை. "அவ வாசலப் பாத்துக்கினே நிப்பா" என்றார், என்னிடம் இல்லை, பம்பிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேலி செய்ய அன்றைக்கு வாய் வரவில்லை.

எஸ்தர் நர்ஸம்மாவின் கேன்

எஸ்தர் என்று பெயர் சொன்ன அந்த நர்ஸம்மாவின் பைக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் பார்வை அதில் போய் நின்றது.

"அம்மா, அது இன்னாங்க?"

"அது எனிமா கேனுங்க" என்றார் நர்ஸம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சோப்புத் தண்ணீர் ஏற்றுவதற்கான எனாமல் பாத்திரம் அது. அடியில் குழாய், குழாயில் ஒரு கவ்வி.

பம்ப் வேலை செய்யாவிட்டால், உயரத்தில் ஒரு டின்னைப் பிடித்துக்கொண்டு, குழாய் வழியாகக் கார்பரேட்டருக்கு நேராகப் பெட்ரோல் விட்டால் வண்டி ஓடும். கபூர் பாய் அப்படி ஓட்டுவதை இவர் பார்த்திருக்கிறார். பின்னால் ஒரு தகர டின்னில் அவசரத்துக்குப் பெட்ரோல் இருந்தது. குழாய் மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

"கவர்மெண்டு சாமானுங்க, யாருகிட்டயும் குடுக்கக் கூடாது" என்றார் எஸ்தர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கதையையும் சொன்னேன். சிரித்தது, ரோஷம், வாசற்படி, மடி, ஒன்று விடவில்லை. கேட்டுவிட்டு, "சரி, ஆனா கேன நான்தான் புடிப்பேன். அது எங்க போவுதோ அங்க நானும் வருவேன்" என்றார்.

பானெட்டின் ஒரு இறக்கையைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, டின் பெட்ரோலைக் கேனில் ஊற்றினார் இவர். எஸ்தர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்போர்டில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் விளக்கைக் கட்டிப்பிடித்து, மறுகையால் கேனைத் தலைக்குமேல் தூக்கினார். குழாய் எஞ்சினுக்குள் இறங்கியது. எஞ்சின் உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. சூடான எஞ்சின், திறந்த பெட்ரோல். யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கிளம்புமுன் நான்தான் கேட்டேன். "இந்தக் கோலத்துல அந்தத் தெருவுலயாங்க போவப் போறோம்? மாட்ட பூட்டி இழுத்ததுக்கே அந்தச் சிரிப்பு சிரிச்சாங்களே."

கேனைப் பார்த்தார். மட்கார்டில் "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த எஸ்தரைப் பார்த்தார்.

"சிரிக்கட்டும்" என்றார். கியரைப் போட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார். இந்த வாரம் இரண்டு பிரதிக்கு மேலேயே வாங்கிவிடுவார்.

தெருவுக்குள் வந்தோம்

மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஆச்சரியம். சிலர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வெள்ளைச் சேலை நர்ஸ், தூக்கிப் பிடித்த பாத்திரம், அதிலிருந்து இறங்கும் குழாய். வண்டிக்குள் யாருக்கோ குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஊர் நினைத்துவிட்டது. வண்டியை அடையாளம் தெரிந்த ஒருவர் சைக்கிளை மிதித்து முன்னால் போய், காதுகுத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அமிர்தத்திடம், "உங்க அண்ணன் வண்டிம்மா, நர்ஸம்மா பாட்டில் ஏத்திக்கினே கூட்டியாறாங்க" என்று சொல்லிவிட்டார்.

தெருமுனையில் திரும்பினோம். அந்தக் கோடியிலிருந்து அமிர்தம் ஓடி வந்துகொண்டிருந்தாள். பட்டுச்சேலை காலில் தட்ட, கொண்டை அவிழ, "அண்ணா! அண்ணா!" என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள், காது குத்த வந்த ஆசாரி.

வண்டியை நிறுத்தி இவர் இறங்குவதற்குள் சட்டையைப் பிடித்துவிட்டாள். முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், கையைத் திருப்பிப் பார்த்தாள். "எங்கண்ணா அடிபட்டுச்சி? இன்னாண்ணா ஆச்சி உனக்கு? நான்தான் பாவி, நான்தான் உன்ன வா வான்னு கூப்ட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மே. வண்டிக்குத்தான் முடியல" என்றார்.

எஸ்தர் கேனை இறக்கிக் கவ்வியை இறுக்கினார். "இது பெட்ரோலுங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஒரு விநாடி தெரு விழித்தது. பிறகு சம்பந்தியம்மாள்தான் ஆரம்பித்தார்கள். அது பற்றிக்கொண்டு தெருக்கோடி வரை போயிற்று. ஆசாரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எஸ்தரும் சிரித்தார். நான் இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை.

அமிர்தம் சட்டென்று திரும்பினாள். "யாரும் சிரிக்காதீங்க! எங்க அண்ணன யாரும் சிரிக்காதீங்க!" என்று கத்தினாள்.

"வுடும்மே, சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரிதான வந்திருக்கேன்" என்றார் இவர். "நீயும் சிரி."

அவளால் முடியவில்லை. அவர் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். இவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிக்கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் நீட்டினார்கள். வேட்டியெல்லாம் பெட்ரோல், குத்துவிளக்குப் பக்கம் போகாதீர்கள் என்று எஸ்தர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையே ஓடிப்போய்த் தன் பட்டு வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு தாய்மாமன் மணையில் உட்கார்ந்தார். செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா மேல நாத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் மடியில் ஏறினாள். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஆசாரி ஊசியை எடுக்கும்போதே இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். குழந்தை மாமனைப் பார்த்த ஆச்சரியத்தில் முதல் காதுக்கு அழவே மறந்துபோனது.

மறுநாள் கபூர் பாய் பஸ்ஸில் வந்தார். டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மூடியைப் புரட்டிப் பார்த்து, இறுகிப்போன சந்தனத்தை ஊசியால் சுரண்டி எடுத்தார். "மீச தப்பிச்சிது" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் கிளம்பினோம். அமிர்தம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்து, நாலு நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னாள். அவர் தடுக்கவில்லை.

"போய்ட்டு வாடியம்மா. ஆனா கொழந்தய வெச்சிக்கினு இந்த வண்டியிலயா போவணும்? வழியில எங்கனா நின்னுட்டா? பஸ்ஸுல போயேன்."

அமிர்தம் அதற்குள் முன்சீட்டில் ஏறி, எனக்கும் அவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நின்னா நிக்கட்டும் அத்த" என்றாள். "எங்க அண்ணன்கூடத்தான நிக்கப் போறேன்."

அன்றைக்கென்று பார்த்து, விழுப்புரம் வரை வண்டி எங்கேயுமே நிற்கவில்லை. அதில் அமிர்தத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.